துயரத்துக்கு நடுவர் உண்டோ?

மனிதன் தன் துக்கத்தைப் பாட்டாக்கத் தொடங்கிய அன்றே, அந்தப் பாட்டு யார் செவிக்காகப் பாடப்படுகிறது என்ற கேள்வியும் அதனோடு கூடப் பிறந்துவிட்டது. செத்துக் கிடப்பவனுக்காகவா, சுற்றி உட்கார்ந்து அழுகிறவர்களுக்காகவா, அல்லது எல்லாவற்றையும் நடத்திவிட்டு மௌனமாக இருக்கிற ஈசுவரனுக்காகவா என்று கேட்டு, இம்மூன்றில் ஒன்றை விடையாகக் கொண்டு மனம் சமாதானம் அடைந்து வந்தது. நம் காலத்தில் நான்காவதாக ஒருவர் எதிரே வந்து அமர்ந்திருக்கிறார். அவர் கையில் ஒரு தாள் இருக்கிறது. பாடுகிறவனுடைய துயரம் எத்தனை மதிப்பெண் பெறும் என்பதை அவர் அந்தத் தாளில் எழுதப் போகிறார். துயரத்தை இவ்விதம் போட்டிக்கு வைப்பது தகுமா, வைத்தால் அதற்குள் இருந்த பிரார்த்தனை என்னவாகும் என்பதே இங்கே நான் ஆராய விரும்பும் விஷயம்.

அமெரிக்காவில் மிசிசிப்பி நதிக் கரையில் உள்ள மெம்ஃபிஸ் நகரத்தில், 1980ஆம் ஆண்டில் ப்ளூஸ் ஃபவுண்டேஷன் என்ற ஸ்தாபனம் ஏற்பட்டது. 1984இல் அங்கே தொடங்கிய போட்டி, இன்டர்நேஷனல் ப்ளூஸ் சாலஞ்ச் என்ற பெயரோடு இன்று உலகப் பிரசித்தி பெற்றிருக்கிறது. பல தேசங்களிலும் உள்ள ப்ளூஸ் சங்கங்கள் தத்தம் ஊரில் ஒரு தேர்வு நடத்தி, அதில் தேறியவர்களை மெம்ஃபிஸுக்கு அனுப்புகின்றன. அவர்கள் அந்நகரத்துப் பீல் வீதியின் இரு மருங்கிலும் உள்ள கேளிக்கை விடுதிகளில் ஒருவர்பின் ஒருவராகப் பாடுகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் பலர் கழிக்கப்பட, முடிவில் மிகச் சிலரே எஞ்சுகிறார்கள். நடுவர்களுக்குக் கொடுக்கப்படும் விதியைப் பார்த்தால், பாட்டிலே ப்ளூஸின் சாரம் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு நான்கு பங்கு எடை. குரலுக்கு மூன்று, வாத்தியத் திறமைக்கு மூன்று, சுயமான கற்பனைக்கு மூன்று, மேடையில் நிற்கும் தோரணைக்கு இரண்டு. 2007இல் நம் தேசத்திலிருந்து ஷில்லாங் நகரத்துச் சோல்மேட் என்ற குழு இந்தப் போட்டிக்குச் சென்று பாடியது. ரூடி வாலாங், திப்ரிதி கார்பங்கர் என்ற இருவர் 2003இல் தொடங்கிய குழு அது. 1841இல் தாமஸ் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் வந்து சேர்ந்த காலம் முதல் தேவாலயக் கீதங்கள் வேரூன்றிய மேகாலய மலைகளிலிருந்து, கீதமும் அழுகையும் கலந்த ஒரு சங்கீதத்தைக் கற்றுக்கொண்டு, அது பிறந்த மண்ணிலேயே போய்ப் பாடிக்காட்டியது சிறிய காரியம் அன்று.

ஷில்லாங்குக்கு நேர்ந்தது நாளை ஆவடிக்கோ அம்பத்தூருக்கோ நேரக்கூடும். 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964இல் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தபின், வட ஆற்காட்டிலிருந்தும் தென் ஆற்காட்டிலிருந்தும் வயலை விட்டு வந்து இயந்திரத்தின் முன் நின்றவர்களுடைய பேரப் பிள்ளைகள் இன்று கிட்டார் பழகுகிறார்கள். மிசிசிப்பி மாநிலத்தின் பருத்திக் காட்டை விட்டு 1943இல் சிகாகோவுக்கு ரயிலேறி, அந்த நகரத்தின் ஆலை இரைச்சலுக்கு ஈடு கொடுக்கும்படி கிட்டாரில் மின்சாரத்தை ஏற்றி ப்ளூஸ் பாடிய மடி வாட்டர்ஸின் கதையை இந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னால், அது தம் பாட்டனாரின் கதைக்கு வெகு அருகில் இருப்பதை உணர்வார்கள். அவர்களில் ஒருவன் மெம்ஃபிஸ் போக விரும்பினால், பெரியவர்களாகிய நாம் அவனுக்குச் சொல்ல வேண்டியது என்ன?

ப்ளூஸின் இயல்பை முதலில் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். 1865இல் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்த பிறகும் வாழ்வில் ஒழியாமல் இருந்த தென்மாநிலங்களில், நிலமில்லாத கறுப்பின மக்களிடையே அந்தச் சங்கீதம் பிறந்தது. 1903 வாக்கில் டட்வைலர் என்ற சிற்றூரின் ரயில் நிலையத்தில், வராத வண்டிக்காகக் காத்துக்கொண்டிருந்த டபிள்யூ. சி. ஹேண்டி என்ற வாத்தியக்காரர், கந்தல் உடுத்த ஒருவர் கத்தியின் முதுகைக் கிட்டார்த் தந்தியின்மேல் இழைத்துப் பாடியதைக் கேட்டார். கேட்டது மனத்தை விட்டு அகலவில்லை. பின்னாளில், 1912இல், மெம்ஃபிஸின் பெயராலேயே ஒரு ப்ளூஸை அச்சிட்டு வெளியிட்டார். ப்ளூஸில் முதலில் ஓர் அடியைப் பாடுவார்கள். அதே அடியை இரண்டாம் முறையும் பாடுவார்கள். மூன்றாம் அடியில் விடை போன்ற ஒன்று வரும். ஒரே அடியை ஏன் இரு முறை பாட வேண்டும் என்று யோசித்திருக்கிறேன். துயரத்தை முதன்முறை சொல்லும்போது சொல்லுகிறவனுக்கே அதில் நம்பிக்கை பிறப்பதில்லை. இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் அது தனக்கே நேர்ந்தது என்று அவன் உணர்கிறான் என்பது என் அபிப்பிராயம். ஸ்வரங்களிலும் மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது ஸ்தானங்கள் தம் இடத்தில் நிலைத்து நில்லாமல் தாழ்ந்தும் இழைந்தும் அசைகின்றன. கமகத்தில் ஊறிய நம் செவிக்கு, கோட்டுவாத்தியத்தின் இழைப்பைக் கேட்டுப் பழகிய செவிக்கு, இதில் அந்நியம் ஏதும் தோன்றாது.

இந்தப் பாட்டை அந்த மக்களுடைய திருச்சபைகளே வெகு காலம் விலக்கி வைத்திருந்தன என்பது ஆராயத்தக்கது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பாடுவது கடவுளின் பாட்டு, சனிக்கிழமை இரவில் பாடுவது சாத்தானின் பாட்டு என்று பிரசங்கிகள் வகுத்தார்கள். ஆனால் இரண்டையும் பாடியது ஒரே குரல்தான். தாமஸ் டார்சி என்பவர் 1920களில் மா ரெய்னி என்ற புகழ்பெற்ற ப்ளூஸ் பாடகிக்குப் பியானோ வாசித்தவர். சிற்றின்பப் பாட்டுகள் பலவற்றுக்கு ஆசிரியர். 1932இல் அவர் வெளியூரில் ஒரு சபைக் கூட்டத்தில் பாடிக்கொண்டிருந்தபோது, பிரசவத்தில் மனைவி இறந்தாள் என்ற தந்தி வந்தது. ஊர் திரும்பிய பின் குழந்தையும் இறந்தது. அந்த நாட்களில் அவர் இயற்றிய, ஆண்டவன் தன் கையைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்று கெஞ்சும் கீதம், இன்று உலகமெங்கும் தேவாலயங்களில் பாடப்படுகிறது. சனிக்கிழமை இரவில் கற்ற ஸ்வரங்களைத்தான் அவர் ஞாயிற்றுக்கிழமைக் காலைக்குக் கொண்டுவந்தார். வேறு ஸ்வரம் அவரிடம் இல்லை. ஜேம்ஸ் கோன் என்ற இறையியல் அறிஞர் 1972இல் வெளியிட்ட நூலில் ப்ளூஸை லௌகிக வாழ்வின் ஆன்மிகப் பாடல் என்று வகுத்துக் கூறியதற்கு இத்தகைய வாழ்வுகளே ஆதாரமாக இருந்திருக்க வேண்டும்.

இவ்வளவு தூரம் வந்த பிறகு, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே உள்ள நம் திருமுல்லைவாயிலை நான் நினைக்காமல் இருக்க முடியவில்லை. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தார். உன்னைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியமும் செய்து கொடுத்தார். பிறகு திருவாரூரின் வசந்த விழா நினைவில் எழுந்து வாட்ட, சத்தியத்தை மறந்து ஊரெல்லையைத் தாண்டினார். தாண்டிய கணத்தில் இரு கண்ணும் இருண்டு போயின. அப்படிக் கண் இழந்து, வழி தடுமாறி நடந்து வந்தவர், மாசிலாமணீசுவரர் சன்னிதியில் நின்று, தாம் படும் துயரத்தைக் களைய வேண்டும் என்று ஒரு பதிகம் முழுவதும் முறையிட்டார். சங்கிலியின் பொருட்டே என் கண்ணை எடுத்துக்கொண்டாய் என்று வெளிப்படையாகவே பேசுகிறார் அப்பதிகத்தில். மறைப்பும் இல்லை, பூச்சும் இல்லை. அங்கே கண் கிடைக்கவில்லை. அடுத்து, பிற்காலத்தில் பூண்டி நீர்த்தேக்கம் கொண்டுவிட்ட திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் மட்டும் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண்ணும், திருவாரூரில் மறு கண்ணும் கிடைத்தன என்பது பெரிய புராணம்.

ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கை மீறியவன், குற்றத்தை அறிந்தவன், கண் தெரியாதவன், நெடுஞ்சாலையில் நடக்கிறவன், நடந்தபடியே கடவுளோடு வழக்காடுகிறவன் என்று அடுக்கிப் பார்த்தால், மிசிசிப்பி நாட்டு ப்ளூஸ் பாடகர்கள் பாடித் தீராத பொருள் அத்தனையும் அந்த ஒருவரிடம் கூடியிருப்பதைக் காணலாம். ப்ளூஸ் பாடகர்களிலும் பலர் குருடர்கள். டெக்ஸாஸ் மாநிலத்துத் தெருக்களில் நின்று பாடிய குருடரான பிளைண்டு வில்லி ஜான்சன், 1927 டிசம்பரில், கெத்சமனே தோட்டத்தில் ஏசுநாதர் தனித்து வேதனைப்பட்ட இரவை எண்ணி, சொல்லே இல்லாமல் முனகலாக ஒரு பாட்டைப் பதிவு செய்தார். அவர் 1945இல் வறுமையில் மாண்டார். 1977இல் வாயேஜர் விண்கலங்கள் இரண்டிலும் பூமியின் சங்கீதமாக 27 பதிவுகளைப் பொன்தட்டில் வைத்து அனுப்பியபோது, அந்த முனகலையும் வைத்தார்கள். அதே தட்டில் நம் கேசர்பாய் கேர்க்கர் அம்மையாரின் பைரவியையும் வைத்தார்கள். இருவரில் யார் உயர்ந்தவர் என்ற கேள்வி அங்கே எழவில்லை.

ஆனால் இருவகைப் பாட்டுக்கும் இடையே ஒரு பேதம் உண்டு. அதை மறைத்துவிட்டு ஒப்புமை பேசுவது நேர்மையாகாது. சுந்தரருக்கு முறையிட ஒரு தோழன் இருந்தான். தண்டித்தவனும் அவனே, ஊன்றுகோல் தந்தவனும் அவனே. ப்ளூஸ் பாடுகிறவன் பெரும்பாலும் பெயர் சொல்லி யாரையும் விளிப்பதில்லை. ஓடிப்போன காதலியையோ, முதலாளியையோ, பெருக்கெடுத்த ஆற்றையோ சொல்லிப் புலம்புகிறான். கேட்பவன் உண்டா என்று அவனுக்குத் தெரியாது. அப்புலம்பல் பிரார்த்தனை ஆகுமா? ஆகும் என்றே நான் நம்புகிறேன். துயரத்தை ஒழுங்குபட்ட தாளத்தில் வைத்துப் பாட ஒருவன் முற்படுகிறான் என்றால், அது கேட்கத்தக்கது என்றும் எங்கோ கேட்கப்படும் என்றும் அவனுடைய அந்தராத்மா நம்பியிருக்கிறது என்பதே பொருள். முற்றிலும் நம்பிக்கை அற்றவன் பாட மாட்டான். நம் முன்னோர் கையறுநிலை என்று ஒரு துறையையே வகுத்து, தலைவனை இழந்தவர்களின் அழுகைக்கு இலக்கணத்திலே இடம் கொடுத்ததும், அழுகையை அவமானமாகக் கருதாத பெருந்தன்மையினால்தான்.

சரி, பிரார்த்தனையாகிய பாட்டைப் போட்டிக்குக் கொண்டுபோகலாமா? பூவிருந்தவல்லிக்கு மேற்கே உள்ள திருமழிசையில் தோன்றிய ஆழ்வாரையும் அவருடைய சீடர் கணிகண்ணரையும் பற்றிய கதையை நம் பக்கத்தில் அறியாதவர் இல்லை. தன்னைப் பாடும்படி பல்லவ மன்னன் கணிகண்ணருக்கு ஆணையிட, அவர் மறுக்க, நாடு கடத்தும்படி உத்தரவு பிறக்க, சீடரோடு ஆழ்வாரும் புறப்பட, ஆழ்வாரோடு பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு காஞ்சியை விட்டு வெளியேறினார் என்பது குருபரம்பரை வரலாறு. அதிகாரம் படைத்தவன் கேட்டான் என்பதற்காகப் பாட்டை வளைக்கலாகாது என்ற வைராக்கியத்துக்கு இதைவிட உயர்ந்த சான்று கிடையாது. இதைக் கொண்டு, நடுவர் முன் பாடுவதே பாவம் என்று சிலர் தீர்ப்புச் சொல்லக்கூடும். நான் அவ்விதம் நினைக்கவில்லை. ஏனென்றால் நம் மரபே இதற்கு வேறு உதாரணங்களையும் வைத்திருக்கிறது.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இசைப் போட்டிகள் இரண்டு வருகின்றன. வடநாட்டிலிருந்து வந்த ஏமநாதன் என்னும் யாழ் வல்லவனோடு மறுநாள் பாட வேண்டும் என்று வரகுண பாண்டியன் பாணபத்திரனுக்குக் கட்டளையிடுகிறான். பாணபத்திரன் சொக்கநாதரிடம் முறையிட, அவர் விறகு சுமக்கும் கிழவராக ஏமநாதன் தங்கிய வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, பழைய யாழை மீட்டிச் சாதாரிப் பண்ணைப் பாடுகிறார். கேட்ட ஏமநாதன் வெளியே வந்து, நீ யார் என்று வினவ, முதுமை காரணமாகப் பாணபத்திரனால் தள்ளிவிடப்பட்டவன் என்று கிழவர் சொல்ல, ஏமநாதன் அன்றிரவே ஊரை விட்டு ஓடிப் போகிறான். நாம் சிறு வயது முதல் கேட்ட கதைதான். ஆயினும், கடவுள் போட்டி மண்டபத்தில் பாடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே நடுவர் இல்லை, பரிசு இல்லை, அரசன் இல்லை. யாரும் கேளாமலே அவர் பாடினார். அப்பாட்டின் உயர்வை முதலில் உணர்ந்தவனோ எதிராளியாகிய ஏமநாதன். அவன் உண்மையான கலைஞன். தன்னிலும் மேலானதைக் கேட்டவுடன் தெரிந்துகொண்டான். மெம்ஃபிஸ் போய் வருகிறவன் அங்கே பெறக்கூடிய பெரிய லாபமும் அதுதான். தன்னைப் போலவே அந்தக் கலைக்கு உயிரைக் கொடுத்தவர்களின் செவி அங்கே கிடைக்கும்.

மற்றொன்று, பாணபத்திரனின் மனைவிக்கும் இலங்கையிலிருந்து வந்த பாடினிக்கும் நடந்த வாது. கடல் கடந்து வந்த போட்டி என்பதால் நம் விஷயத்துக்கு அது இன்னும் நெருங்கியது. அரசனே ஒருபக்கம் சாய்ந்துவிட்டதனால் சபையில் நியாயம் கிடைக்கவில்லை. முடிவில் சொக்கநாதர் சன்னிதியில் பாடும்படி ஆயிற்று. அங்கே இறைவனே புலவராக இருந்து உண்மையை விளங்க வைத்தார். நடுவர் பிழைத்தார் என்பதற்காக அந்த அம்மையார் பாட்டை நிறுத்திவிடவில்லை. மேலான நடுவரை நாடினாள்.

இவ்விரண்டையும்விட என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது தருமபுரத்தில் நடந்தது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் திருஞானசம்பந்தருடைய பதிகங்களை யாழில் வாசித்து வந்தார். யாழில் வாசிப்பதனாலேயே அப்பதிகங்களுக்குப் புகழ் என்று உறவினர் பேச, அதைக் கேட்டு வருந்திய பாணர், யாழில் அடங்காத ஒரு பதிகம் அருளும்படி சம்பந்தரை வேண்டினார். சம்பந்தர் பாடினார், யாழ் தோற்றது. பாணர் அந்தக் கருவியை உடைக்கக் கை ஓங்கினார். சம்பந்தர் அவரைத் தடுத்து, கருவியில் எவ்வளவு அடங்குமோ அவ்வளவு வாசித்தால் போதும் என்று சொல்லி, யாழை அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தார். அளவு கருவிகள் அனைத்தையும் பற்றிய தீர்ப்பாகவே இதை நான் கொள்கிறேன். பாட்டு அளவை மீறியது. அதனால் அளவை உடைக்க வேண்டியதில்லை. அது எட்டும் தூரம்வரை அதற்கு மதிப்புக் கொடுத்தால் போதும். மெம்ஃபிஸ் நடுவரின் தாளும் அப்படிப்பட்ட கருவிதான். குரல் சுருதியில் நின்றதா, விரல் தந்தியில் தடுமாறியதா, பாட்டு சொந்தமா இரவலா என்பதை அந்தத் தாள் அளந்து சொல்லும்; நியாயமாகவே சொல்லும். சாரம் என்று நான்கு பங்கு எடை கொடுத்து வைத்திருக்கிறார்களே, அதை மட்டும் அதனால் அளக்க இயலாது. அளக்க இயலாததற்கே அதிகமான எடை கொடுத்திருப்பதை நான் குறையாகக் கருதவில்லை; எது முக்கியம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

ஆபத்து நடுவரிடம் இல்லை. பாடுகிறவன் அந்தத் தாளைப் பார்த்துப் பாடத் தொடங்குவதில் இருக்கிறது. ஆவடியில் பிறந்தவன், சாரத்துக்கு மதிப்பெண் வேண்டும் என்று, தான் கண்டிராத பருத்திக் காட்டையும், தான் ஏறாத ரயிலையும், தன் நாவில் வராத மிசிசிப்பி உச்சரிப்பையும் எடுத்துப் பூண்டுகொள்வான். மற்றொரு மக்கள் கூட்டம் இரத்தம் சிந்திப் பெற்ற துயரத்தை வேஷமாக அணிவது அபசாரம். பிறருடைய துக்கப் பாட்டைப் பாடவே கூடாது என்று நான் சொல்லவில்லை; துக்கத்துக்குத் தேச எல்லை கிடையாது. ஆனால் துக்க வீட்டுக்குள் நுழைகிறவன் அங்கே நடந்தது என்ன என்று விசாரித்து அறிந்துகொண்டு நுழைய வேண்டும். போட்டி நடக்கும் அதே பீல் வீதியின் வழியாக, 1968 மார்ச் 28ஆம் தேதி, தாங்களும் மனிதரே என்று எழுதிய அட்டைகளை ஏந்தி, மெம்ஃபிஸின் துப்புரவுத் தொழிலாளர்கள் மார்ட்டின் லூதர் கிங்குடன் அணிவகுத்துச் சென்றார்கள். குப்பை வண்டியின் இயந்திரத்தில் நசுங்கித் தங்கள் தோழர்கள் இருவர் மாண்டதன்பின் எழுந்த வேலைநிறுத்தம் அது. ஏப்ரல் 4ஆம் தேதி மாலை, லொரைன் விடுதியின் மாடியில் நின்று, அன்றிரவுக் கூட்டத்தில் டார்சியின் அந்தக் கீதத்தை வாசிக்க வேண்டும் என்று கிங் ஓர் இசைக் கலைஞரிடம் கேட்டுக்கொண்டார். சில கணங்களில் சுட்டுக் கொல்லப்பட்டார். மனைவியையும் மகவையும் இழந்தவனின் முறையீடு, முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின், ஒரு பெரும் போராட்டத் தலைவரின் கடைசி விருப்பமாக அமைந்தது. அந்த வீதியில் நின்று பாடுகிறவன் இதை அறியாமல் பாடுவது எனக்குச் சம்மதம் இல்லை.

நம் தேசத்துக்கும் இதில் ஒரு பூர்வ சம்பந்தம் உண்டு. ஹோவர்டு தர்மன் என்ற கறுப்பினச் சமய ஞானி தம் மனைவியோடு இந்தியா முழுவதும் பயணம் செய்து, 1936இல் பர்தோலியில் மகாத்மாவைச் சந்தித்தபோது, சிலுவையில் அறையப்பட்ட தேவனைப் பற்றி அவர்கள் மக்கள் பாடும் அடிமைக் காலத்துக் கீதம் ஒன்றைப் பாடும்படி காந்தியடிகள் வேண்டினார். சூ பெய்லி தர்மன் அம்மையார் பாடினார். ஒடுக்கப்பட்ட ஒரு ஜனம் மற்றோர் ஒடுக்கப்பட்ட ஜனத்தின் பாட்டைக் கேட்க விரும்பிய தருணம் அது. துயரப் பாட்டைக் கேட்க உத்தமமான முறை அப்படிக் கேட்பதுதான்.

ஆகையால் நம் இளைஞன் கொண்டுபோக வேண்டியது தன் மண்ணின் துயரத்தை. அதற்கு அவன் வெகு தூரம் தேட வேண்டியதில்லை. வடசென்னையில் பிறந்து நம் புறநகர்கள்வரை பரவிய மரண கானா இருக்கிறது. எழவு வீட்டில், பிணத்தை வைத்துக்கொண்டு விடிய விடிய விழித்திருக்கும் இரவில், பந்தலடியில் உட்கார்ந்து, செத்தவனுடைய பெருமையையும் குடியையும் கடனையும் அன்பையும் ஒளிக்காமல் பாடும் அந்தப் பாட்டு, ப்ளூஸ் செய்கிற அதே காரியத்தையே நம் தெருவில் செய்து வந்திருக்கிறது. அதே அவமதிப்பையும் அடைந்து வந்திருக்கிறது. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து அமைத்த கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு, 2018 ஜனவரியில் கானாவையும் பறையையும் மின்கிட்டாரையும் ஒரே மேடையில் ஏற்றியபோது, அந்த அவமதிப்புக்கு ஓரளவு பிராயச்சித்தம் தேடப்பட்டது. கானா இன்னும் பெரிய சபைகளுக்குள் எளிதாக நுழைய முடியவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

வென்றால் என்ன செய்வது என்பதற்கும் நம் பக்கத்தில் ஒரு நாயனார் வழிகாட்டியிருக்கிறார். திருவேற்காட்டில் பிறந்த மூர்க்க நாயனார், அடியார்க்கு அமுதளித்துப் பொருள் அனைத்தும் தீர்ந்த பின், சூதாடி வென்று, வென்ற பொருளைத் தாம் கையால் தொடாமல் அன்னத்துக்கே கொடுத்து, எல்லோரும் உண்ட பின் கடைசிப் பந்தியில் உண்டவர். ஆட்டத்தில் வஞ்சித்தவரை அவர் குத்தியதை நான் போற்றவில்லை. ஆடுகளத்தில் இறங்கியும் ஆசையை வெளியே நிறுத்தினார் என்பதைப் போற்றுகிறேன்.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் வாத்தியம் பயிலும் பிள்ளைகளே, மெம்ஃபிஸுக்குப் போக வாய்ப்பு வந்தால் தயங்காமல் போங்கள். நடுவரின் தாளுக்கு அது எட்டும் அளவுக்கு மதிப்புக் கொடுங்கள். போவதற்கு முன் உங்கள் தெருவில் கானா பாடும் பெரியவர் ஒருவரிடம் உட்கார்ந்து பாடம் கேளுங்கள். போய் இறங்கியதும், பீல் வீதியில் கிட்டார்ப் பெட்டியைத் திறப்பதற்கு முன், 1991 முதல் உரிமைப் போராட்ட நினைவகமாக விளங்கும் லொரைன் விடுதிக்குச் சென்று வாருங்கள். பெற்றோர்களுக்கும் சபாக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்தப் பெரியவரைக் குடிகாரர் பாட்டுக்காரர் என்று வாசலோடு திருப்பி அனுப்பாமல், வருகிற மார்கழியில் உங்கள் மேடையில் ஒரு மாலைப் பொழுதை அவருக்குக் கொடுங்கள், கொடுத்துவிட்டு, முன் வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கேளுங்கள்.